ஒரே வார்டு

1965 ஜூலை 30. அமெரிக்காவின் மிஸௌரி மாகாணத்தில் இண்டிபென்டன்ஸ் என்கிற ஊர். ஒரே ஒரு கையெழுத்துப் போடுவதற்காக அதிபர் லிண்டன் ஜான்சன் வாஷிங்டனிலிருந்து பறந்து வந்திருந்தார். ஏன், வெள்ளை மாளிகையில் பேனா இல்லையா என்று கேட்காதீர்கள். முன்னாள் அதிபர் ஹாரி ட்ரூமனின் ஊர் அது. 1945லேயே எல்லோருக்கும் அரசாங்க மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று கேட்டு, டாக்டர்கள் சங்கத்திடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். இப்போது வயது 81. எல்லோருக்கும் கிடையாது, 65 தாண்டியவர்களுக்கு மட்டும் என்று சுருங்கித்தான் திட்டம் வந்திருந்தது. பேர், மெடிகேர். முதல் உறுப்பினர் ட்ரூமன். அடுத்தது அவர் மனைவி பெஸ்.

இதைத் தடுக்க டாக்டர்கள் சங்கம் என்னென்னவோ செய்து பார்த்தது. 1961ல் ஒரு இசைத்தட்டுகூட வெளியிட்டார்கள். டாக்டர்களின் மனைவிமார் அக்கம்பக்கத்துப் பெண்களைக் காபிக்குக் கூப்பிட்டு அதைப் போட்டுக் காட்டவேண்டும். கேட்டுவிட்டு எல்லோரும் அவரவர் எம்.பி.க்குக் கடிதம் எழுதவேண்டும். அரசாங்கம் வைத்தியத்தில் கைவைத்தால் அப்புறம் சோஷலிசம்தான் என்று அதில் பயமுறுத்திய குரல், ரொனால்ட் ரீகன் என்கிற நடிகருடையது. ஆமாம், பின்னாளில் அதிபரான அதே ரீகன்தான்!

இதெல்லாம் ஊரறிந்த கதை. நான் சொல்ல வந்தது வேறு.

அப்போதைய தென் மாகாணங்களில் ஆஸ்பத்திரிக்கும் நிறம் உண்டு. வெள்ளையர்களுக்குத் தனி வார்டு, கறுப்பர்களுக்குத் தனி வார்டு. பல இடங்களில் கறுப்பர்களை உள்ளேயே சேர்க்கமாட்டார்கள். இத்தனைக்கும் அதில் பல, அரசாங்கப் பணத்தில் கட்டியவை. 1946ல் வந்த ஹில் - பர்ட்டன் சட்டம் ஆஸ்பத்திரி கட்டப் பணமும் கொடுத்து, தனித்தனியாக நடத்திக்கொள்ள வழியும் விட்டிருந்தது.

நார்த் கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்று ஒரு நகரம். அங்கே ஜார்ஜ் சிம்கின்ஸ் என்கிற கறுப்பினப் பல் டாக்டர். அவரிடம் வந்த ஒரு நோயாளிக்குக் கடைவாய்ப்பல் சீழ் வைத்து வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தாகவேண்டும். கறுப்பர்களின் ஆஸ்பத்திரியில் இடமில்லை. வெள்ளையர்கள் நடத்திய இரண்டிலும் கதவு திறக்கவில்லை. சிம்கின்ஸ் சும்மா இருக்கவில்லை. சக டாக்டர்களைச் சேர்த்துக்கொண்டு 1962ல் வழக்குப் போட்டார். 1963ல் அப்பீல் கோர்ட்டில் ஜெயித்தும் விட்டார். மறுவருஷம் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. அரசாங்கக் காசு வாங்கும் யாரும் நிறம் பார்க்கக்கூடாது என்றது.

சட்டம் சொன்னால் ஆச்சா? கிடைக்கிற காசு பெரிசாக இருந்தால்தானே பயம் வரும்!

பெரிசாக வந்தது, மெடிகேர் ரூபத்தில். வயசானவர்கள்தானே ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வருகிறவர்கள்? அவர்கள் பில்லை இனி அரசாங்கம் கட்டும். ஆனால், வார்டுகளைக் கலந்தால்தான் கட்டும். 1966 ஜூலை 1 கெடு. சுமார் ஆயிரம் பேரைத் திரட்டி ஊர் ஊராகச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஏமாற்றப் பார்த்த ஆஸ்பத்திரிகளும் உண்டு. சோதனை நாளில் மட்டும் நோயாளிகளை இடம் மாற்றிப் படுக்கவைப்பார்கள். அங்கே வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள் விடுவார்களா? ரகசியமாகப் போட்டுக் கொடுத்தார்கள். மாட்டினால் வேலை போய்விடும். தெரிந்தேதான் செய்தார்கள்.

கெடு நாள் வந்தபோது நாட்டின் மிகப் பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் வழிக்கு வந்திருந்தன. சுமார் 1 கோடியே 90 லட்சம் முதியவர்கள் திட்டத்துக்குள் இருந்தார்கள். எத்தனையோ வருஷம் நகராத சுவர், சில மாதங்களில் நகர்ந்துவிட்டது.

ஒரே ஒரு ஓட்டை. டாக்டர்களுக்குப் போகும் பணத்துக்கு இந்த நிபந்தனை கிடையாது என்று விட்டுவிட்டார்கள். ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறவர்களை இன்னும் சீண்டவேண்டாமே என்கிற கணக்கு. ஆக, ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த இரண்டு கிழவர்கள், குணமாகி அதே டாக்டரின் கிளினிக்குக்குப் போனால், ஆளுக்கொரு அறையில் காத்திருக்கவேண்டி வந்தது.