ஒரு கிலோ மண்ணில் எவ்வளவு?

கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையைத் தாண்டி கழிமுகத்தை ஒட்டி நடந்தால், மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல விஞ்ஞானி தேவையில்லை. துளி எடுத்து நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உப்பு நல்ல பிள்ளை, தன் இருப்பைத் தானே சொல்லிவிடும். பாதரசம் அப்படியில்லை. ருசியும் கிடையாது, வாசனையும் கிடையாது. அதை மண்ணுக்குள் தேடுகிற பாடத்தைத் தமிழ்நாடு படித்தது கொடைக்கானல் மலை மேல்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று 1983-ல் பெட்டி படுக்கையோடு கொடைக்கானலுக்கு வந்தது. பாண்ட்ஸ் கம்பெனியுடையது. முகத்துக்குப் போடும் பவுடர் விற்கிறார்களே, அதே பாண்ட்ஸ்தான். 1998-ல் அது ஹிந்துஸ்தான் லீவருக்குள் ஐக்கியமானது. தொழிற்சாலைக்குக் கீழே சரிவில் பாம்பார் சோலை. மழை பெய்தால் தண்ணீர் எங்கே இறங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடை ஒன்றில் உடைந்த கண்ணாடிக் குவியலை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் கண்டுபிடித்தார்கள். கண்ணாடியில் பாதரசம் ஒட்டியிருந்தது. 7.4 டன் என்றார்கள் இவர்கள். 5.3 டன்தான் என்றது கம்பெனி. விதிமுறையை மீறி விற்கப்பட்டுவிட்டது என்றும் ஒப்புக்கொண்டது. தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது.

கண்ணாடியை மூட்டை கட்டிவிடலாம். மண்ணை?

நான் படித்தது பி.காம். தணிக்கையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம், எந்த வவுச்சரைப் பார்ப்பது என்பதை கேஷியர் முடிவு செய்யக் கூடாது. மண் பரிசோதனையும் கிட்டத்தட்ட இதுதான். குழி எங்கே, எத்தனை அடி ஆழம், யார் தோண்டுவது? பத்து இடத்து மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால் சராசரிதான் வரும்; ஒன்பது சுத்தமான குழிகள் சேர்ந்து பத்தாவதை மறைத்துவிடும். கொடைக்கானலில் முதலில் பெரிய அளவில் அளந்த யூ.ஆர்.எஸ். டேம்ஸ் அண்ட் மூர் நிறுவனம் கம்பெனி அமர்த்தியது. ஆடிட்டருக்கும் கம்பெனிதானே சம்பளம் தருகிறது என்பீர்கள். சரிதான். அதனால்தான் வேறொருவரும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பார்த்தார்கள். ஹைதராபாத்திலிருந்த அணுசக்தித் துறை விஞ்ஞானிகள், மரத்தில் ஒட்டி வளரும் பாசியையும் லைக்கனையும் சுரண்டி எடுத்துப் போனார்கள். லைக்கனுக்கு வேர் கிடையாது. காற்றில் என்ன வருகிறதோ அதுதான் அதற்குச் சாப்பாடு. சும்மா ஒரு எண்ணைச் சொன்னால் அது அதிகமா குறைவா என்று எப்படித் தெரியும்? அதற்காக 20 கிலோமீட்டர் தள்ளி பேரிஜம் ஏரிப் பக்கத்துப் பாசியையும் சோதித்தார்கள். கொடைக்கானல் ஏரிப் பக்கத்துப் பாசியில் பாதரசம் அதைவிடப் பல மடங்கு.

பாதரசம் சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகும். மண்ணுக்குள் இருந்தாலும் துளைகள் வழியே மேலே வரும். அதைப் பிடிக்க மெல்லிய குழாயை மண்ணில் இறக்கி, மேல்காற்று உள்ளே நுழையாதபடி சுற்றிலும் அடைத்துவிட்டு, நிதானமாக உறிஞ்சுவார்கள். அவசரப்பட்டால் வெளிக்காற்று கலந்து எல்லாம் பாழ். வரும் காற்றைத் தங்கப் பூச்சின் மேல் செலுத்தினால் பாதரசம் அதில் ஒட்டிக்கொள்ளும். எந்தத் தட்டாரைக் கேட்டாலும் இந்த உறவைச் சொல்வார்.

ஆவிக்கு ஏன் இத்தனை பாடு? அதே நியூயார்க் மாநிலத்தின் லவ் கெனாலில், ரசாயனக் குப்பை மேடு ஒன்று 1953-ல் ஒரு டாலருக்குக் கைமாறி, அங்கே பள்ளிக்கூடமும் சுற்றிலும் வீடுகளும் வந்தன. 1978-ல் வீடுகளின் நிலவறைக் காற்றைச் சோதித்தபோது விஷம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. குடும்பங்களைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.

பிரிட்டனில் 2009-ல் வெளியான மண் வழிகாட்டி அளவுகளைப் பாருங்கள். குடியிருப்பு மண்ணில் பாதரச உப்பு கிலோவுக்கு 170 மில்லிகிராம் வரை பரவாயில்லை. ஆனால் தெர்மாமீட்டரில் இருக்கிறதே, அந்த உலோகப் பாதரசம்? வெறும் 1 மில்லிகிராம். தரை வழியே ஆவி வீட்டுக்குள் வரும் என்பதுதான் காரணம். அதே உலோகப் பாதரசத்துக்கு வணிக நிலத்தில் 26. ஆக, மண்ணில் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த வடிவத்தில், யார் வாழும் இடத்தில் என்றும் கேட்க வேண்டும். வீடு, தோட்டம், வணிகம் என்று மூன்று வகை நிலத்துக்கு அங்கே எண் உண்டு. சோலைக்காட்டுக்கு எண் இல்லை.

கொடைக்கானல் தொழிற்சாலை மண்ணைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை சுத்தப்படுத்தினால் போதும் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. கீழே காடு இருக்கிறது, இதுவே வெளிநாடாக இருந்தால் இந்த எண்ணைச் சொல்வீர்களா என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் சண்டை பிடித்தார்கள். வளாகத்தில் சில இடங்களில் மண் கெட்டிருக்கிறது, தொழிலாளர்களுக்கோ ஊருக்கோ பாதிப்பில்லை என்பது கம்பெனி தரப்பு. 2015-ல் சோபியா அஷ்ரஃபின் ராப் பாட்டு இந்த வழக்கை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. அது மனிதர்களுக்கான கணக்கு. மண்ணைப் பற்றிய 20-ஆ, அதற்கும் கீழேயா என்ற வழக்கு தனியாகத் தொடர்ந்தது.