அரைப் பேரும் அரை நூற்றாண்டும்

'அரைப் பேர்' என்றால் என்னவென்று மலையகத்துக்கு வெளியே இருக்கிற நண்பர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறோம். காலையில் பெரட்டுக் களத்தில் போய் நின்றால்தான் செக்ரோலில் பேர் விழும். கொழுந்து நிறை குறைந்தாலோ, பாதியில் வேலையை விட்டாலோ முழுப் பேர் இல்லை, அரைப் பேர்தான். அன்றைய சம்பளத்தில் பாதி போச்சு. பிந்திப் போனவரை அன்றைக்கு வேலையே இல்லை என்று திருப்பி அனுப்பிய கதைகளும் எல்லா லயத்திலும் உண்டு. அந்தக் காலத்தில் விடியுமுன்னே தப்பு அடித்து ஆட்களை எழுப்பினார்கள். லயக் காம்பராவில் கடிகாரம் இருந்ததோ இல்லையோ, பெரட்டுக்குப் பிந்தக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்த ஒழுங்கு வெறும் பழக்கத்தால் வந்தது இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தக்க காரணமில்லாமல் வேலைக்கு வராத தொழிலாளியை மூன்று மாதம் வரை சிறையில் போடலாம். 1920களின் தொடக்கம் வரை இந்தத் தண்டனை முறை இருந்தது. தொழிற்சாலை யுகத்தில் தொழிலாளியின் நேரம் எப்படி முதலாளியின் பணமாக மாறியது என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் ஒரு பிரபலமான கட்டுரை எழுதினார். அவர் எழுதியது இங்கிலாந்தைப் பற்றி. நம் மலைகளிலோ அந்த மாற்றத்துக்குப் பின்னால் சிறைக் கதவும் இருந்தது.

சரி, இவ்வளவு நேரம் தவறாத மக்களிடம் அரசு எப்படி நேரம் பார்த்தது? நாங்கள் இங்கே பேச நினைப்பது அதைத்தான்.

சுதந்திரம் கிடைத்த அதே வருடம், 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்தவர் என்று, இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத தோட்டங்களில் இதற்கு எங்கே போவது? அடுத்த வருடம் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்குரிமையையும் எடுத்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது. 1952இல் ஒன்றும் இல்லை.

அதே 1949இல், 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு சின்ன வாசலைத் திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ச்சியாக, திருமணமானவர் 7 வருடமும் ஆகாதவர் 10 வருடமும் இங்கே வசித்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி 1951 ஓகஸ்ட் 5.

மக்கள் அந்தத் தேதிக்குள் விண்ணப்பித்தார்கள். சுமார் 2 லட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள், அவற்றில் சுமார் 8 லட்சத்து 24 ஆயிரம் பேர். தோட்டத்து மக்களில் பெரும்பாலானோர் இதற்குள் அடக்கம். எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த ஒரு சமூகம், அரசு கேட்ட படிவத்தை அரசு சொன்ன நாளுக்குள் நிரப்பிக் கொடுத்தது. இது சின்ன விசயமா?

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதம் வரும். "காங்கிரஸ்தானே முதலில் விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொன்னது? கடைசி நேரத்தில் எல்லாரும் ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டினால் தாமதமாகத்தானே செய்யும்?" முதல் பாதி உண்மை. காங்கிரஸ் முதலில் புறக்கணிக்கச் சொன்னது, பிறகு நிலைப்பாட்டை மாற்றியது, அதனால் கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஆனா கடைசித் தேதி என்று ஒன்றைப் போட்டது அரசு. அதற்குள் வந்தவர் எவரும் பிந்தி வந்தவர் ஆகமாட்டார்.

அந்த விண்ணப்பங்களை விசாரித்து முடிக்க 1960களின் தொடக்கம் வரை ஆனது. பத்து வருடம்! அதிகாரி ஒரு குறை கண்டு அறிவித்தல் அனுப்பினால், விண்ணப்பதாரர் மூன்று மாதத்துக்குள் காரணம் காட்ட வேண்டும். அதிகாரி எத்தனை மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற கெடு மட்டும் இல்லை. சாவு, கலியாணம் என்று ஊருக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் 'தொடர்ச்சி' அறுந்துபோகும். கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. ஆறில் ஒரு பங்குகூட இல்லை. இதை எதிர்த்து 1952 ஏப்ரலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் நூறு நாட்களைத் தாண்டியும் நடந்தது.

மிச்சம் இருந்தவர்களின் கதி 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்ப்போம். அந்தப் 'பிறகு' வர 1974 ஆனது. அப்போது ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 15 வருடத்தில் முடிக்க வேண்டிய ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டமே 1967இல்தான் நிறைவேறியது.

அதில் இன்னொரு கொடுமையான கணக்கு. இந்தியாவுக்கு 7 பேர் என்றால் இங்கே 4 பேர். 1971இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, 7 பேர் உண்மையிலேயே கடல் கடந்து போன பிறகுதான் இங்கே 4 பேருக்குப் பிரஜாவுரிமை. நீங்கள் எல்லா ஆவணமும் சரியாகக் கொடுத்திருக்கலாம், விசாரணைக்கு முதல் ஆளாகப் போயிருக்கலாம். உங்கள் முறை வர, பக்கத்துக் காம்பராக்காரர் பெட்டி கட்டிக்கொண்டு போக வேண்டும். ஹட்டனிலும் நானுஓயாவிலும் உறவுகள் கட்டிப்பிடித்து அழுத அந்த ரயிலுக்குச் சனங்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேர் வைத்தார்கள். 1984இல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றபோது, கையில் இந்தியப் பாஸ்போட்டோடு இங்கேயே மாட்டிக்கொண்டவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

1986, 1988 சட்டங்கள் ஒரு பகுதியினருக்கு வழி செய்தன. முழுத் தீர்வு வந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினரும் அவர்களின் சந்ததியினரும் பிரஜைகள். அந்த வருடக் கடைசியில் ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் ஆதரவோடும் தொழிற்சங்கங்களின் உதவியோடும் நடமாடும் நிலையங்கள் வைத்தார்கள். சுமார் பத்து நாளில் 1 லட்சத்து 90 ஆயிரம் பேருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது.

பத்து வருட விசாரணையில் 1 லட்சத்து 34 ஆயிரம். பத்து நாளில் 1 லட்சத்து 90 ஆயிரம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலை கூட, ஆள் பற்றாக்குறை, ஆவணம் சிக்கல் என்று இத்தனை காலம் சொன்ன காரணங்களுக்கு என்ன ஆனது? மனம் இருந்தபோது பத்து நாள் போதுமாக இருந்திருக்கிறது. அப்படியென்றால் அதற்கு முந்தைய ஐம்பத்தைந்து வருடக் காத்திருப்பு, யாரோ எடுத்த முடிவு. 1951இல் நேரத்துக்கு விண்ணப்பித்தவர்களில் எத்தனையோ பேர் அந்தப் பத்து நாளைப் பார்க்க உயிரோடு இல்லை.

இது பழங்கதை என்று நினைப்பவர்கள் சம்பளக் கணக்கைப் பார்க்கலாம். தோட்டத் தொழிலாளர் கூட்டு ஒப்பந்தம் 2015 மார்ச்சில் காலாவதியானது. புதியது கையெழுத்தானது 2016 ஒக்டோபரில், நாளுக்கு 730 ரூபாய் என்று. இடைப்பட்ட 18 மாதமும் சனங்கள் தினமும் பெரட்டுக்குப் போனார்கள். அந்த மாதங்களுக்கான நிலுவை அந்த ஒப்பந்தத்தில் கிடைக்கவில்லை. 2015இல் கேட்ட 1000 ரூபாய், 2021 மார்ச்சில்தான் வந்தது. கேட்டபோது 7 டொலருக்கு மேல் பெறுமதியாக இருந்த 1000 ரூபாய், கைக்கு வந்தபோது சுமார் 5 டொலர். காத்திருந்த செலவையும் தொழிலாளியே கட்டினார்.

தொழிலாளி தவறினால் அரைப் பேர் என்று மலையகத்தில் எழுதி வைத்திருக்கிறது. அரசோ கம்பெனியோ தவறினால் என்ன என்று எங்கேயும் எழுதவில்லை. காணிக்கும் வீட்டுக்கும் வாக்குறுதி தரும் ஒவ்வொரு மேடையிலும் எத்தனை பேர்ச் என்று நாம் கேட்கிறோம். கூடவே இன்னும் இரண்டு கேள்வியைக் கேட்கப் பழகுவோம்: எத்தனையாம் தேதி? அந்தத் தேதி தவறினால் உங்களுக்கு யார் அரைப் பேர் போடுவது?