கிறிஸ்டோபர் என்று ஒரு இயந்திரம் இருந்ததா?

இன்னைக்கு ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்கணும். எனிக்மா பற்றிய பழைய எபிசோடில், ஆலன் டூரிங் தன்னோட இயந்திரத்துக்கு ‘கிறிஸ்டோபர்’னு பேர் வச்சார், அது அவர் பள்ளிக்கூடத்தில் நேசிச்ச பையனோட பேர் என்று சொல்லியிருந்தேன். தப்பு. 2014ல் வந்த ‘தி இமிடேஷன் கேம்’ படத்தில் பார்த்ததை அப்படியே சொல்லிட்டேன், சரிபார்க்கவே இல்லை. ஆபீஸில் இப்படி கோட் எழுதியிருந்தா ரிவ்யூவில் கிழிச்சிருப்பாங்க.

படத்தில் என்ன வரும்? யாரோடும் ஒட்டாத, கிறுக்குப் பிடிச்ச ஒரு விஞ்ஞானி. தன்பாலீர்ப்பாளர். செத்துப்போன நண்பனை, போர்க்காலத்தில் கம்பியும் சக்கரமுமா மறுபடி உருவாக்கப் பார்க்கிறார். கடைசியில் வீட்டிலும் அதுதான் அவருக்குத் துணை. நானும் அழுதேன். ஆனால் நடந்தது வேற.

கிறிஸ்டோபர் மார்கம் நிஜம். ஷெர்போர்ன் பள்ளியில் டூரிங்குக்கு மேல் வகுப்பில் படிச்சவர். 1930 பிப்ரவரி 13ல் காசநோயில் இறந்தார். டூரிங்குக்கு அப்போ 17 வயது. உடல் போன பிறகு மனம் எங்கே போகும் என்ற கேள்வியை வச்சு, சில வருஷம் கழிச்சு கிறிஸ்டோபரின் அம்மாவுக்கு ஒரு சின்னக் கட்டுரையே எழுதிக் கொடுத்தார். அதுவரைக்கும் படம் சரி.

பிளெட்ச்லி பார்க்கில் 1940ல் வந்த முதல் இயந்திரத்தின் பேர் ‘விக்டரி’. அடுத்தது ‘அக்னஸ் டெய்’. அதுக்கு முன்னாடியே போலந்துக்காரங்க ஒண்ணு செஞ்சிருந்தாங்க. டூரிங் வடிவமைச்சதை கார்டன் வெல்ச்மன் மேம்படுத்தினார், ஹரோல்டு கீன் தொழிற்சாலையில் கட்டினார். போர் முடியறதுக்குள்ள 200க்கும் மேல ஓடுச்சு, ஓட்டினவங்க பெரும்பாலும் கடற்படைப் பெண்கள். ஒரே ஆள் அறையில் பூட்டிக்கிட்டுச் செஞ்ச பொம்மை இல்லை அது.

கிறுக்கு விஷயமும் அப்படித்தான். முகத்தில் நச்சுவாயு முகமூடியோட சைக்கிள் ஓட்டினாராம். உண்மைதான். ஜூன் மாசம் மகரந்தம் பட்டா அவருக்குத் தும்மல் நிக்காது, முகமூடி சும்மா கிடைச்சது. இதில் எங்கே பைத்தியம்?

தனிமை? குழந்தைப் பருவத்தில் இருந்தது. அப்பா சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அம்மா எத்தல் சாரா பிறந்ததே நம்ம போத்தனூரில், ரயில்வே பொறியாளரின் மகள். பெற்றோர் இங்கே இருக்க, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தாங்க.

ஆனா போர்க்கால டூரிங்கைப் பார்க்கணும்னா ஹான்ஸ்லோப் பார்க்குக்கு வரணும். படத்தில் இந்த இடமே கிடையாது. 1943 தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் இருந்தார். பேச்சை ரகசியமாக்கும் சிக்சாலி என்ற இயந்திரத்தை அங்கே பார்த்தார், எடை சுமார் 50 டன். டீ நேரத்தில் கிளாட் ஷானனோட, இயந்திரம் யோசிக்குமா என்று பேச்சு. திரும்பி வந்ததும், அதே வேலையைச் சில சின்னப் பெட்டிகளில் முடிக்கப் பார்த்தார். குரல் அலையை விநாடிக்கு 4,000 தடவை அளக்கணும். ஒவ்வொரு அளவோடும் ஒரு ரகசிய எண்ணைக் கூட்டணும். வரம்பு தாண்டினா, கடிகாரத்தில் 12க்கு அப்புறம் 1 வர்ற மாதிரி சுத்தி வரும். கேக்கிறவர் பக்கம் அதே எண்ணைக் கழிக்கணும். நடுவில் ஒட்டுக்கேட்டா வெறும் இரைச்சல். பேர் வச்சது நண்பர் ராபின் கேண்டி: டிலைலா. தமிழ் பைபிளில் தெலீலாள், சிம்சோனை ஏமாத்தினவள்.

கூட வேலை பார்த்தது டொனால்ட் பெய்லி. பொறியியல் படிச்சிட்டு 1944ல் வந்த இளைஞர். டூரிங்கின் சால்டரிங் அலங்கோலத்தைச் சரிபண்றதே அவருக்கு முதல் வேலை. அவர்கிட்டதான் டூரிங் ‘நான் ஒரு மூளையைக் கட்டப்போறேன்’ங்கிற மாதிரி சொன்னார். அவர்கிட்டதான், வேலைக்கு நடுவில் சாதாரணமா, தான் தன்பாலீர்ப்பாளர் என்றும் சொன்னார். 1885ல் இருந்தே ஜெயிலில் போடக்கூடிய குற்றம், அதுவும் ராணுவ ரகசியம் நடக்கும் இடத்தில். பெய்லிக்கு அதிர்ச்சி, பிடிக்கவும் இல்லை. ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்தே டிலைலாவை 1945ல் முடிச்சாங்க. போர் முடிஞ்சிருச்சு, யாரும் அதை வாங்கிக்கலை.

மூளை வேணும்னு சொன்னவர் துணைக்காக அதைக் கேட்டாரா? 1950 கட்டுரையில் அவரே இதைத் தொடுறார். இயந்திரத்தால் க்ரீம் போட்ட ஸ்ட்ராபெர்ரியை ருசிக்க முடியாது. அப்படிப்பட்ட குறைகளால், மனுஷனுக்கும் மனுஷனுக்கும் வர்ற மாதிரி நட்பு இயந்திரத்தோட வர்றது கஷ்டம் என்கிறார். துணைக்கு ஏங்கி இயந்திரம் செஞ்சவர் எழுதுற வரியா அது?

1952ல் வழக்கு. தீர்ப்புக்கு அப்புறம் ஜெயிலுக்குப் பதிலா ஒரு வருஷம் ஹார்மோன். தீர்ப்புக்கு முன்னாடி நண்பருக்கு ஒரு கடிதம்: டூரிங் இயந்திரங்கள் சிந்திக்கும் என்கிறார், டூரிங் ஆண்களோடு படுக்கிறார், ஆகவே இயந்திரங்கள் சிந்திக்காது என்று நாளைக்குச் சொல்லுவாங்களோ என்று பயப்படுறார். அவர் பயந்தது இயந்திரத்தைப் பிரியணுமே என்று இல்லை, தன் வேலையைத் தன் வாழ்க்கையை வச்சுத் தள்ளிடுவாங்களே என்றுதான். 1954 ஜூன் 7ல் இறந்தார், வயசு 41.

டிலைலா பற்றி டூரிங் கைப்பட எழுதின குறிப்புகளை, 2020ல் தான் இறக்கும் வரைக்கும் பெய்லி பத்திரமா வச்சிருந்தார். 2023ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. பழைய எபிசோடின் பக்கத்திலும் திருத்தம் சேர்த்துட்டேன்.