ஓட வந்தவனுக்குப் படுக்க இடம்: சத்திரம் முதல் மேன்ஷன் வரை

ஒட்டன்சத்திரம். சத்திரப்பட்டி. சுங்குவார்சத்திரம். திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு. இந்தப் பெயர்களை ஆயிரம் தடவை கண்டக்டர் வாயால் கேட்டிருப்போம். "சத்திரம் இறங்கு" என்று விசில் அடிப்பார், இறங்கிப் போய்க்கிட்டே இருப்போம். ஒரு காலத்தில் வழிப்போக்கன் தலை சாய்க்க இருந்த கட்டடம் ஊருக்கே பேராக நின்றுவிட்டது என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. கட்டடம் போயிடுச்சு, பேர் மட்டும் இருக்கு.

நமக்கு நிலக்கோட்டை. மல்லிகைப்பூவுக்குத்தான் பேர் போன ஊர் என்றாலும், வழித்தடம் என்ற கணக்கிலும் எங்க ஊருக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1875ல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது. எங்களுக்குப் பக்கத்தில் அம்மையநாயக்கனூரில் ஸ்டேஷன். இப்போ கொடைக்கானல் ரோடு என்று போர்டு தொங்குகிறதே, அதேதான். கொடைக்கானல் போகிற துரைமாரெல்லாம் அங்கே இறங்கி, மாட்டு வண்டியில் ராத்திரி முழுக்கக் குலுங்கிக்கொண்டு நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாக மலையடிவாரத்துக்குப் போய், அங்கே இருந்த பங்களாவில் இளைப்பாறிவிட்டு, அப்புறம் ஆள் சுமக்கும் நாற்காலியில் மலை ஏறினார்கள். 1914 வாக்கில் மலைப்பாதை தயாராகும் வரைக்கும் இதுதான் கதை. நாலு பேர் வந்தாலும் நானூறு பேர் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: ராத்திரி எங்கே படுப்பது?

இப்போ எதுக்கு இந்தப் பதிவு என்றால், காரணம் என் அக்கா மகன். தினமும் விடியக்காலையில் அணைப்பட்டி ரோட்டில் ஓடுகிற பயல். சென்னை மாரத்தானில் முழுசா 42.195 கி.மீ. ஓடியே தீருவேன் என்று பேர் கொடுத்துவிட்டான். கடந்த சில வருஷங்களாக அது ஜனவரி முதல் பத்து நாளுக்குள் வருகிறது. முழு மாரத்தான் நேப்பியர் பாலத்திலிருந்து காலை 4 மணிக்கே கிளம்பும். அந்த நேரத்துக்குப் புறநகர் ரயிலை நம்ப முடியாது. அதற்கு முன்னாடியே போய் நம்பர் அட்டையும் வாங்கியாகணும். ஆக, வெளியூர்க்காரன் என்றால் ஒரு ராத்திரியாவது பாலத்துக்கு நடந்து போகிற தூரத்தில் தங்கியே ஆகவேண்டும்.

பாண்டியனில் ஏறி எழும்பூரில் இறங்கினவன், போனில் பேசி வைத்திருந்த லாட்ஜுக்குப் போனால், அந்த வாடகை வேற நாளுக்காம், இந்த சனி ஞாயிறுக்கு ரெண்டரை மடங்காம். அடுத்த லாட்ஜில் "ஒண்டியா வர்ற ஆளுக்கு ரூம் தர்றதில்லப்பா" என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இருக்கும் எங்க ஊர்க்காரர் தன் அறையில் பாய் போட்டுக் கொடுத்தார். மூணு மணிக்கு எழுப்பி விட்டதும் அவர்தான். பயல் அஞ்சு மணி நேரத்துக்குள் ஓடி முடித்துவிட்டு போன் போட்டான். "மாமா, ஓடுனது கூட கஷ்டமில்ல மாமா. படுக்க எடம் தேடுனதுதான் பெரிய ஓட்டமாப் போச்சு."

சிரித்துவிட்டேன். ஆனால் விஷயம் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

கூட்டமாக ஓடி வருவதும் நடந்து வருவதும் நமக்குப் புதுசா என்ன? செட்டிநாட்டு நகரத்தார் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துக்கொண்டு குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்கு நடக்கிறார்கள். நானூறு வருஷத்துக்கு மேலான வழக்கம் என்பார்கள். சுமார் 150 கி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்றரை மாரத்தான்! போகிற வழியில் எங்கே சாப்பாடு, எங்கே படுக்கை என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவான விஷயம். அவர்கள் போக, மதுரைப் பக்கமிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வருகிற கூட்டம் வேறு. தை மாசம் செம்பட்டிப் பக்கம் போய் நின்றால் ரோட்டோரம் முழுக்கப் பச்சை வேட்டியும் காவி வேட்டியும்தான். பள்ளிக்கூடத் திண்ணை, கல்யாண மண்டபம், தோட்டத்துக் களம் என்று கிடைத்த இடத்தில் படுத்து எழுந்து போய்க்கொண்டே இருப்பார்கள். "தைப்பூச ரேட்டு" என்று சொல்லி யாரும் திண்ணைக்கு வாடகை கேட்டு நான் பார்த்ததில்லை.

இதற்குப் பின்னால் ஒரு பொருளாதாரம் இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

1689லிருந்து 1706 வரை பேரனுக்காக மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளுக்கு இன்றைக்கும் பேர் சொல்வது சாலையும் சத்திரமும்தான். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரில் மங்கம்மாள் சத்திரம் எல்லோருக்கும் தெரியும். தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் ராமேஸ்வரம் போகிற பாதையில் வரிசையாகச் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தம்மாள் சத்திரம் இதில் ஒன்று.

இந்தச் சத்திரங்கள் எப்படி நடந்தன என்று சரபோஜியே 1801ல் தஞ்சாவூர் ஆங்கில ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதில் வருகிற விஷயம் இது. வழிப்போக்கர் எந்த சாதியானாலும் சோறு உண்டு. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் மசாலாவும். நடு ராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிடுவார்கள். நோயாளிக்கு வைத்தியர் உண்டு, விஷக்கடிக்கும் மருந்து உண்டு. குணமாகும் வரை இருக்கலாம். வழியில் பிரசவ வலி வந்த பெண்ணுக்கும் அங்கேயே உதவி. இறந்துபோனால் அடக்கமும் அவர்கள் பொறுப்பு.

நடு ராத்திரி மணி! எந்த நட்சத்திர ஹோட்டலில் இது உண்டு சொல்லுங்கள்?

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து? சத்திரத்துக்கென்று எழுதி வைத்த நிலம். அந்த நிலத்தின் விளைச்சல்தான் சத்திரத்தின் வருமானம். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பத்து பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் நிலத்து வருமானம் ஒன்றுதான். கூட்டம் வந்தால் சத்திரக்காரருக்கு வேலை கூடும், லாபம் கூடாது. அதனால் கூட்டத்தைப் பார்த்து ரேட்டை ஏற்றுவதற்கு அங்கே வழியே இல்லை. லாட்ஜ் அப்படி இல்லை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் பாதி அறை காலியாகக் கிடக்கும். திருவிழா, முகூர்த்தம், மாரத்தான் என்று வருகிற அந்த நாலு நாளில்தான் அது விட்டதைப் பிடிக்க வேண்டும். லாட்ஜ்காரரைத் திட்டிப் புண்ணியமில்லை, அவர் கணக்கு அப்படி.

ஆனால் சத்திரம் என்றால் பொற்காலம் என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் நான் தயாரில்லை மக்களே. சரபோஜி கடிதம் எழுதினார் என்பதற்காக எல்லாச் சத்திரமும் எல்லோருக்கும் திறந்தே இருந்தது என்று அர்த்தமில்லை. இன்னின்ன சாதிக்கு மட்டும் என்று கட்டின சத்திரங்கள் ஏராளம். உள்ளே விட்டாலும் பந்தி தனி. ரயில்வே சாப்பாட்டு அறையில்கூட பிராமணர், இதரர் என்று பிரித்து வைத்திருந்ததை எதிர்த்துப் போராடி, 1941ல்தான் எடுக்க வைத்தார்கள். 1955ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் ஹோட்டல்களோடு தர்மசாலை, சத்திரங்களையும் பேர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். சட்டம் போட்டுச் சொல்ல வேண்டிய நிலைமை இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அன்றைக்கு சாதி கேட்டார்கள். இன்றைக்கு "ஒண்டி ஆளா, குடும்பமா?" என்று கேட்கிறார்கள். காசு இருந்தால் போதும் என்ற லாட்ஜ் ஒரு விதத்தில் முன்னேற்றம்தான். காசு இல்லாதவனுக்குத்தான் திண்டாட்டம்.

சரி, வெளிநாட்டில் எப்படி? 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில்தான் முதல் மாரத்தான். மதியம் கிளம்ப வேண்டிய ஓட்டத்துக்கு வீரர்களை முந்தின நாளே மாரத்தான் என்ற அந்த ஊருக்கு வண்டியில் கூட்டிப்போய் ராத்திரி அங்கேயே தங்க வைத்தார்கள். பேருக்கேற்ற முதல் மாரத்தானே தங்க இடம் கொடுத்துவிட்டுத்தான் ஓடச் சொன்னது! ஓடினவர்கள் 17 பேர்தான், சுலபம். 1970ல் நியூயார்க் மாரத்தான் தொடங்கியபோது 127 பேர். இப்போது 50,000க்கு மேல்.

அதே நியூயார்க்கில் 2012ல் நடந்தது முக்கியம். அக்டோபர் கடைசியில் சாண்டி புயல். வீடு இழந்தவர்கள் ஹோட்டல்களில் இருக்கிறார்கள். நவம்பர் 4 மாரத்தான், அறையெல்லாம் ஓட்டக்காரர்கள் பேரில் முன்பதிவு. ஓட்டம் கிளம்புகிற ஸ்டேட்டன் ஐலண்டில் ஒரு ஹோட்டல்காரர், புயலில் தப்பி வந்தவர்களை வெளியேற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஊரே கொதித்தது. கடைசியில் ரெண்டு நாள் முன்னாடி மாரத்தானையே ரத்து செய்தார்கள். முன்பதிவும் காசும் ஒரு பக்கம், போக்கிடம் இல்லாதவன் ஒரு பக்கம். அந்த ஹோட்டல்காரர் அன்றைக்கு ரெண்டு நாளாவது சத்திரக்காரராக இருந்தார்.

இன்னொரு வேடிக்கை. 2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் வடிவமைப்பாளர்கள் மாநாடு, ஹோட்டலெல்லாம் நிரம்பிவிட்டது. வாடகை கட்டத் திணறிய ரெண்டு இளைஞர்கள் காற்றடைத்த மெத்தையைக் கூடத்தில் போட்டு, ராத்திரிக்கு 80 டாலர் என்று மூணு பேரைத் தங்க வைத்தார்கள். அதுதான் ஏர்பிஎன்பி கம்பெனியின் பிறப்பு. நம்ம மேன்ஷன்காரர் பாய் போட்டாரே, அதே சங்கதி. அவர் காசு வாங்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் :-)

இப்போ என் யோசனைக்கு வருகிறேன். "சத்திரம்" என்ற வார்த்தை எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். சென்னையில் கல்யாண மண்டபத்துக்கு இன்றைக்கும் பெரியவர்கள் கல்யாண சத்திரம் என்றுதான் சொல்கிறார்கள். பெரிய கூடம், வரிசையாகக் கழிப்பறை, ஆயிரம் பேருக்குச் சமைக்கிற அடுப்படி, பாய், ஜமுக்காளம். பழைய சத்திரத்துக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீடு மூழ்கியவர்கள் எங்கே படுத்தார்கள்? பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும்தான்.

சென்னை மாரத்தான் வருகிற ஜனவரி முதல் பத்து நாள் தமிழ்க் கணக்கில் என்ன மாசம்? மார்கழி. நம்மவர்கள் கல்யாணம் வைக்காத மாசம். கச்சேரி, மாநாடு என்று சிலது போக, மற்ற மண்டபங்கள் பூட்டித்தான் கிடக்கும். நேப்பியர் பாலத்தைச் சுற்றி நாலு மண்டபத்தை ரெண்டு ராத்திரிக்கு எடுத்து, ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்து, பாய் விரித்து, ராத்திரி ஏழு மணிக்கு இட்லியும் விடியக்காலை மூணு மணிக்கு வாழைப்பழமும் கொடுத்தால், ஓட்டத்துக்குக் கட்டுகிற பணத்தோடு ஒரு சின்னத் தொகை சேர்த்து வாங்கினாலே கட்டுப்படியாகும். ஊரிலிருந்து வருகிற பையனுக்குப் பஞ்சு மெத்தை வேண்டாம். முதுகு சாய்க்கப் பாயும், மூணு மணிக்கு எழுப்பிவிட ஒரு ஆளும் போதும்.

இல்லையென்றால் என்ன ஆகும்? ஓட்டத்துக்குக் கட்டுகிற பணம் ஒரு பங்கு என்றால் ரூம் வாடகை மூணு பங்கு. கடைசியில் அந்த ஊரிலேயே வீடு இருப்பவனும் ஹோட்டலுக்குக் கொடுக்க வசதி இருப்பவனும் மட்டும்தான் ஓடுவான். அணைப்பட்டி ரோட்டில் ஓடுகிற பயல்கள் அணைப்பட்டி ரோட்டோடு நின்றுவிடுவார்கள். பழநி பாதையில் அப்படி நடந்திருந்தால் பாதயாத்திரை என்று ஒன்று இன்றைக்கு இருந்திருக்குமா?

உங்க ஊர்ப் பக்கம் சத்திரம் என்று பேர் வைத்துக்கொண்டு கட்டடம் இல்லாமல் நிற்கிற ஊர் எது? இன்னும் கட்டடம் இருந்தால் இப்போ அதில் என்ன நடக்கிறது? ஒரத்தநாட்டுச் சத்திரம் பின்னாளில் மாணவர் விடுதியாக இருந்தது போல நல்ல வேலைக்குப் போனதா, இல்லை பாழடைந்து கிடக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு பட்டியல் போட்டு வைப்போம்.

டிஸ்கி: திருவல்லிக்கேணி மேன்ஷனில் என்றைக்காவது குப்பை கொட்டிய அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், வருகிற ஜனவரியில் ஒரு பாய் மட்டும் எடுத்து வையுங்க சாமி. நிலக்கோட்டையிலிருந்து இந்தத் தடவை மூணு பேர் பேர் கொடுக்கப் போறானுங்களாம்!