முதலில் தீயைப் பார்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஒரு நாள் பிற்பகல் நின்றுகொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு மேஸ்திரி காஸ் வெல்டிங் பழக்கிக்கொண்டிருந்தார். பையனுக்கு அவசரம், இரண்டு தகடுகளையும் கையில் எடுத்துவிட்டான்.

"இரும்பை அப்புறம் பாத்துக்கலாம், கண்ணு. மொதல்ல தீயைப் பாரு" என்றார் மேஸ்திரி.

"சரிங்க" என்று கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான் அவன்.

பழைய சேலம் ஜில்லாவுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. கஞ்சமலைக் கல்லை மண் உலையிலிட்டு, கரியும் துருத்தியும் கொண்டு இரும்பு எடுத்த சீமை அல்லவா? இரும்பை ஒட்டக் கொல்லனிடம் வெப்பமானி ஏது? செம்மை மஞ்சளாகி, மஞ்சள் வெண்மையாகும் கணத்தில் சம்மட்டி விழவேண்டும். முந்தினால் ஒட்டாது, பிந்தினால் இரும்பே பொறியாய் எரிந்து போகும். கண்தான் அளவுகோல்.

இரும்பு ஒட்டினாலும், வார்ப்புருக்கு எளிதில் ஒட்டாது. அந்தச் சிக்கலை அவிழ்க்க உதவியவர் சேலத்தில் கம்பெனி உத்தியோகம் பார்த்த ஜோஸியா மார்ஷல் ஹீத். வேலையை உதறிவிட்டு 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்துக் கனிமம் அங்கே போயிற்று, ஆலை நிலைக்கவில்லை. 1839-ல் உருக்கில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அந்த உருக்கு இரும்போடு ஒட்ட இணங்கிற்று. லாபம் பிறருக்கு, வழக்கு அவருக்கு. 1851-ல் காலமானார்.

சம்மட்டி இல்லாமலே ஒட்டும் தீ பின்னால் வந்தது. 1892-ல் அமெரிக்காவில் தாமஸ் வில்சன் வேறு எதையோ தேடப்போய்க் கால்சியம் கார்பைடைக் கண்டார். அதில் தண்ணீர் பட்டால் அசிடிலின் வாயு கிளம்பும். நம் திருவிழாக் கடைகளில் கார்பைடு விளக்காக எரிந்ததும் அதுதான். 1895-ல் பிரான்ஸில் லெ ஷாத்லியே அதைப் பிராணவாயுவோடு எரித்தார். வெப்பம் 3000 டிகிரியைத் தாண்டிற்று. இரும்பு உருக 1538 போதும். 1903 வாக்கில் ஃபூஷேயும் பிக்காரும் அந்தத் தீயைக் கைக்கு அடங்கும் குழாயில் கொண்டுவந்தார்கள்.

ஆனால் அசிடிலின் முரட்டு வாயு. தனியே அழுத்தி அடைத்தால் காற்றில்லாமலே வெடிக்கும். ஆகவே சிலிண்டருக்குள் நுண்துளைப் பொருளை நிரப்பி, அதில் ஊறிய அசிட்டோனில் வாயுவைக் கரைத்து வைக்கிறார்கள். அந்தப் பொருளைச் செம்மைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் ஸ்வீடன் தேசத்துக் குஸ்தாஃப் டாலேன். 1912-ல் ஒரு சோதனையில் வாயு வெடித்து அவருக்கு இரு கண்களும் போயின. அதே ஆண்டு, கலங்கரை விளக்குகளுக்கு அவர் செய்த தானியங்கிக் கருவிக்காக நோபல் பரிசு கிடைத்தது. சகோதரர் போய் வாங்கி வந்தார்.

பட்டறைப் பையனுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. அவன் முன்னால் மஞ்சள் சுடர் கரி கக்கிற்று. பிராணவாயுவைத் திறந்தான். சுடருக்குள் வெண்ணிற இறகு ஒன்று நீண்டது. "அப்பிடியே வெச்சா கரி ஏறி ஒட்டு நொறுங்கும்" என்றார் மேஸ்திரி. இன்னும் திறந்தான், சுடர் சீறிற்று. "இப்ப இரும்பைத் தின்னுரும்." மூன்றாம் முறை மெதுவாகத் திருகினான். இறகு சுருங்கி, நுனி மழுங்கிய சிறு கூம்பாகி, அசையாமல் நின்றது.

இப்போது பெரும்பாலான வேலைக்கு மின்சார வெல்டிங் வந்துவிட்டது. மெல்லிய தகட்டுக்கும், வெட்டுவதற்கும் இன்னும் இந்தத் தீ வேண்டியிருக்கிறது.

மேஸ்திரி குனிந்து சுடரைப் பார்த்தார்.

"இப்ப இரும்பை எடு, கண்ணு" என்றார்.