குளிக்கும் தரை யாருடைய அளவு?

பழைய குளியலறையைப் புதுப்பிக்கும் வீடுகளில் முதலில் முடிவாவது பெரும்பாலும் சுவர் டைல்ஸின் நிறம். கால் வைத்து நிற்கும் தரையைப் பற்றிக் கொத்தனாரும் பிளம்பரும் தங்களுக்குள் பேசி முடித்துவிடுவார்கள். இன்று அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. நான்கு பக்கமும் விளிம்பு உயர்ந்து, வடிகால் துளையோடு ஆயத்தமாக வரும் ஷவர் ட்ரேயைப் பதிக்கலாம். டைல்ஸோ கல்லோ ஒட்டி, ஷவர் மூலையைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலக் கட்டை கட்டலாம். கட்டையே இல்லாமல் அறை முழுவதையும் ஒரே தரையாக விட்டு, வாட்டத்தால் மட்டும் தண்ணீரை வடியவைக்கலாம்.

எது மலிவு, எது அழகு, எது ஒழுகாது என்று கடையில் கேட்கிறோம். இந்த அளவு யாருடைய உடலைப் பார்த்து எடுக்கப்பட்டது என்று கேட்பதில்லை. கடையில் இருக்கும் ட்ரேக்களில் மிகவும் வழக்கமான அளவு 80 அல்லது 90 சென்டிமீட்டர் சதுரம். ஏறத்தாழ மூன்றடிக்கு மூன்றடி. ஒருவர் நிற்கலாம், திரும்பலாம். கால் நீட்டி உட்கார முடியாது. இன்னொருவரை உட்காரவைத்துக் குளிப்பாட்டுவதும் கடினம். இந்த மூன்றடிச் சதுரத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

பலரைக் குறைந்த செலவில் குளிக்கவைக்கும் ஏற்பாடாக ஷவர் முதலில் வேரூன்றிய இடங்கள் சிறையும் படைமுகாமும். 1870களில் பிரான்ஸின் ரூவான் நகரச் சிறையில் மருத்துவராக இருந்த மெரி தெலபோஸ்ட் கைதிகளுக்கு ஷவர் குளியலை ஏற்படுத்தினார். தொட்டியில் ஒருவர் குளிக்கும் தண்ணீரில் இப்படிப் பலர் குளிக்கலாம். நேரமும் மிச்சம், எரிபொருளும் மிச்சம். 1883இல் பெர்லினில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் தோல் மருத்துவர் ஆஸ்கர் லாசர் நெளிதகரத்தால் ஆன ஒரு மக்கள் குளியல் கூடத்தைக் காட்சிக்கு வைத்தார். உள்ளே பத்து ஷவர் அறைகள், பாதி ஆண்களுக்கு, பாதி பெண்களுக்கு. கட்டணம் பத்து ஃபெனிக். சோப்பும் துண்டும் அதில் அடக்கம். ஒவ்வொரு ஜெர்மானியருக்கும் வாரம் ஒரு குளியல் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய முழக்கம். அமெரிக்காவில் இதே திட்டத்துக்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர் மருத்துவர் சைமன் பரூக். 1895இல் நியூயார்க் மாநிலம் பெரிய நகரங்கள் இலவசப் பொதுக் குளியலறைகள் கட்ட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. 1901இல் நியூயார்க் நகரின் ரிவிங்டன் தெருவில் அப்படி ஒன்று திறக்கப்பட்டது.

இந்த மருத்துவர்களின் நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. தண்ணீர்க் குழாய் இல்லாத நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த லட்சக்கணக்கானோருக்கு அது பெரிய உதவி. ஆனால் அவர்கள் கணக்கிட்ட குளியல் எப்படிப்பட்டது? ஒருவர் தனியாக வருகிறார். நிற்கிறார். சில நிமிடங்களில் உடம்பைக் கழுவிக்கொண்டு வெளியேறுகிறார். அவர் இடுப்பில் குழந்தை இல்லை. கையில் துவைக்க வேண்டிய துணி இல்லை. அவர் சாய்ந்து வரும் முதியவர் யாரும் கூட இல்லை. கழுவி முடித்த பின் அந்த அறையைத் தேய்த்துச் சுத்தம் செய்வதும் அவர் வேலை இல்லை.

அதற்கு முன்பே, வேறு கணக்கிலிருந்து பிறந்த ஒரு குளியலிடமும் இருந்தது. அதைத் தொடங்கியவர் சலவைத் தொழிலாளியான ஒரு பெண். அயர்லாந்தின் டெரி நகரில் 1786இல் பிறந்து, சிறுமியாக லிவர்பூலுக்கு வந்து, பஞ்சாலையிலும் வீட்டு வேலையிலும் உழைத்தவர் கிட்டி வில்கின்சன். 1832இல் அந்த நகரத்தைக் காலரா தாக்கியபோது, அவருடைய தெருவில் தண்ணீர் காய்ச்சும் கொதிகலன் இருந்தது அவர் வீட்டில்தான். நோயாளிகளின் துணியையும் படுக்கையையும் அங்கே கொண்டுவந்து துவைக்கும்படி அக்கம்பக்கத்தாரை அழைத்தார். வாரத்துக்கு ஒரு பென்னி வாங்கிக்கொண்டார். கொதிநீரும் சுண்ணாம்புக் குளோரைடும் நோயைத் தடுக்கும் என்பதை அவர் கைவேலையாக அறிந்திருந்தார். காலராவுக்குக் காரணமான கிருமியை உலகம் ஏற்றுக்கொள்ள இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1842இல் லிவர்பூல் ஃபிரெடெரிக் தெருவில் குளியலறைகளும் சலவைக்கூடமும் சேர்ந்த பொதுக் கட்டடம் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் கிட்டியும் அவர் கணவரும் அதன் கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். 1846இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் பெயரிலேயே குளியலறையும் சலவைக்கூடமும் சேர்ந்து வந்தன.

இது வேறொரு கணக்கு. இங்கே தண்ணீரைச் சுற்றி நடக்கும் வேலை எல்லாமே கணக்கில் வந்தது: துவைப்பது, காய்ச்சுவது, நோயாளியைப் பார்ப்பது, பிள்ளைகளைக் கழுவுவது, கடைசியில் தானும் குளிப்பது. பெண்கள் நாள் முழுவதும் செய்யும் வேலைக்கு இடம் அளந்தால் கிடைக்கும் கட்டடம் அது. இருபதாம் நூற்றாண்டில் குளியலறை வீட்டுக்குள் வந்தபோது இந்த வேலைகள் தனித்தனியாகப் பிரிந்தன. சலவை வேறு அறைக்குப் போனது. குளியலறை மூலைக்கு வந்தது நிற்கும் மனிதனுக்கான கூண்டு.

கூண்டுக்குத் தரை தேவைப்பட்டது. முதலில் ஈயத் தகட்டை மடித்துத் தட்டாக்கி அதன்மேல் சாந்து போட்டு டைல்ஸ் ஒட்டினார்கள். பிறகு டெரசோவில் வார்த்த தட்டு, சுட்ட களிமண் தட்டு, ஃபைபர்கிளாஸ், அக்ரிலிக், இப்போது கல்தூளும் பிசினும் கலந்த கனமான ட்ரே. பொருள் மாறியது, எடை குறைந்தது, நிறம் கூடியது. தொழிற்சாலை ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்க, நின்று குளிக்கும் ஒற்றை உடலே வழக்கமான அளவாக நிலைத்தது. 1966இல் கார்னெல் பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பேராசிரியர் அலெக்சாண்டர் கிரா ‘தி பாத்ரூம்’ என்ற நூலை வெளியிட்டார். மனித உடல் எப்படிக் குனிகிறது, எங்கே கை ஊன்றுகிறது, எப்போது வழுக்குகிறது என்று ஆராய்ந்தவர் அவர். குளியலறைச் சாதனங்கள் உடலைப் பார்த்து வடிவமைக்கப்படவில்லை என்பது அவர் முடிவு. ஷவரில் உட்கார இருக்கை வேண்டும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும் என்றார்.

தரையைத் தேய்ப்பவரின் உடல் இந்தக் கதையில் இன்னும் பின்னால்தான் வருகிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலின் தலைப்பே அம்மாவுக்குக் கூடுதல் வேலை என்ற பொருள் தருவது. வீட்டுக்குள் வந்த நவீன வசதிகள் ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளைக் குறைத்தன. அதே சமயம் சுத்தத்தின் அளவுகோலை உயர்த்தி, மிச்ச வேலையைப் பெண்ணிடமே சேர்த்தன என்பது அவர் வாதம். குழாய் வந்ததும் தண்ணீர் சுமப்பது நின்றது. கூடவே, தினமும் தேய்த்துப் பளபளக்கவைக்க வேண்டிய புதிய அறை ஒன்றும் வந்தது.

ட்ரேயின் உயர்ந்த விளிம்பை முதலில் கேள்வி கேட்டவர்கள் அதைத் தாண்ட முடியாதவர்கள். கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் நுழைந்து புழங்குவதற்கான முதல் அமெரிக்கத் தரநிலை 1961இல் வந்தது. அது சிறிய ஆவணம், கட்டாயமும் இல்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, அரசுப் பணம் பெறும் எந்த இடமும் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக்கூடாது என்றது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் அரசு கையெழுத்திடாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. 1977 ஏப்ரலில் சான்ஃபிரான்சிஸ்கோவின் அரசு அலுவலகம் ஒன்றுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளும் தோழர்களும் புகுந்து, ஏறத்தாழ நான்கு வாரங்கள் வெளியேற மறுத்தார்கள். முன்னால் நின்றவர்களில் ஜூடித் ஹ்யூமன், கிட்டி கோன் என்ற இரு பெண்கள் முக்கியமானவர்கள். அங்கே இருந்த பலர் குளிக்கவும் உடை மாற்றவும் தினமும் பிறர் துணை தேவைப்பட்டவர்கள். தங்கள் உடலின் அன்றாடத் தேவைகளையே பணயம் வைத்துத்தான் அந்த அலுவலகத்தில் தங்கினார்கள். ஏப்ரல் 28 அன்று விதிகளில் கையெழுத்து விழுந்தது.

1990இல் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. அதையொட்டிய தரநிலைகள் பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலியோடு நுழையும் ஷவருக்குக் குறைந்தது 30 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் வேண்டும் என்றன. நுழைவுத் திட்டு அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்றன. மூன்றடிச் சதுரம் ஐந்தடி நீளமானது. இன்று பத்திரிகைப் படங்களில் ஆடம்பரமாகக் காட்டப்படும் விளிம்பில்லாத ஷவர் தரைக்குப் பின்னால் இந்தப் போராட்டமும் இருக்கிறது.

விளிம்பும் வழுக்கலும் எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. குளியலறைக் காயங்களுக்காக 2008ஆம் ஆண்டில் அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தவர்களில், 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சுமார் 2,34,000 பேர் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் கணக்கிட்டது. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு விழுந்ததால் வந்தவை. பெண்களின் காய விகிதம் ஆண்களுடையதைவிட 72 சதவீதம் அதிகம்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே குளிக்கும் தரை கிணற்றடிக் கல்லாக இருந்தது, படித்துறையாக இருந்தது, கொல்லைப்புறத்தில் கீற்றுத் தட்டி மறைப்புக்குள் சிமென்ட் மெழுகிய நாலடி இடமாக இருந்தது. எந்தக் கிணற்றடியில் யார் கால் வைக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. எந்த நாளில் எந்த மூலையில் குளிக்க வேண்டும் என்பதைத் தீட்டு தீர்மானித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் 42 சதவீதத்துக்குத்தான் வீட்டு வளாகத்தில் குளியலறை இருந்தது. இன்னொரு 16 சதவீதத்துக்குக் கூரையில்லாத மறைப்பு. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அங்கெல்லாம் விடியுமுன் எழுந்து, சேலையோ பாவாடையோ நனைய, உடம்பை முழுதாகக் கழுவாமலே குளித்து முடித்தவர்கள் பெண்கள். தரையைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே ஒரு வசதிதான் என்பதை மறக்க வேண்டாம்.

இருந்தும், அந்தக் கிணற்றடிக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. குளிப்பது நின்று முடிக்கும் ஒற்றை வேலை இல்லை. பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டும் பாட்டியை நினைத்துப் பாருங்கள். மணையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் குப்புறக் கிடத்தி, எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றுவார். அவர் முதுகு சாயவும் கால் நீளவும், வாளியும் வெந்நீர் அண்டாவும் கைக்கெட்டவும் குறைந்தது ஐந்தடி நீளம் வேண்டும். எண்ணெய்க் குளியல், சீயக்காய், மஞ்சள், அலசிப் பிழியும் உள்ளாடை, மாதவிடாய்த் துணி, மூட்டுவலியோடு முக்காலியில் உட்கார்ந்து குளிக்கும் மாமியார் என எல்லாமே அந்தத் தரையில் நடந்தன. இன்றும் நடக்கின்றன. மூன்றடி ட்ரே இவற்றை வீட்டின் வேறு மூலைக்குத் துரத்துகிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் கேட்கும் கேள்விகள் மாறும். டைல்ஸ் பெட்டியில் ஆர்10, ஆர்11 என்று போட்டிருப்பதைக் காட்டி வழுக்காது என்பார்கள். அந்த எண் ஜெர்மானியச் சோதனை ஒன்றிலிருந்து வருவது. எண்ணெய் பூசிய சரிவில், காலணி அணிந்த ஆள் நடந்து பார்க்கும் சோதனை அது. சோப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்து பார்க்கும் சோதனை தனியாக இருக்கிறது. அதில் ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள். சி அதிகம் பிடிமானம் உள்ளது. குளியலறைக்குக் கேட்க வேண்டியது இந்த எழுத்தை. நாம் காலணியோடு குளிப்பதில்லை.

வாட்டம் அடிக்குக் கால் அங்குலம் இருந்தால் தண்ணீர் தேங்காமல் வடியும். டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிட்டுக் கணக்கை முடியுங்கள். மேடுபள்ளம் அதிகமுள்ள டைல்ஸ் வழுக்காது, ஆனால் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்; சிறு சிறு டைல்ஸ் கால் பிடிக்கும், ஆனால் இணைப்புக் கோடுகள் பெருகும். போர் தண்ணீரின் உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றினால் அந்தக் கோடுகளில் இருக்கும் சிமென்டை அது அரிக்கும், தேய்ப்பவரின் கையையும் மூச்சையும் கெடுக்கும். அக்ரிலிக் ட்ரே துடைக்க எளிது. முரட்டு பிரஷ்ஷில் கீறல் விழும், மஞ்சள் கறை தங்கும். எதை எடுத்தாலும், அதைத் தேய்க்கப்போகும் கை யாருடையது என்பதும் விலையில் ஒரு பகுதி. அது சம்பளத்துக்கு வரும் பெண்ணின் கையாக இருந்தால், அவரிடமும் கேளுங்கள். எந்தத் தரையில் எது ஒட்டும் என்று விற்பவரைவிட அவருக்குத் தெரியும்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களில் தடையில்லா வசதி வேண்டும் என்கிறது. நம் வீட்டுக் குளியலறையை யாரும் வந்து அளந்து பார்க்கப்போவதில்லை. அங்கே அளவு சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். கொத்தனார் சுண்ணாம்புக் கோடு போடும் நாளில் ஒரு முக்காலியையும் ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், காலை நீட்டி உட்கார்ந்து காட்டுங்கள். கோட்டை அங்கிருந்து போடச் சொல்லுங்கள்.