உண்டியலும் பெயரேடும்: ஆதிக் கிறித்தவ சபைகளின் வறியோர் பணி

கிறித்தவ சமயம் உரோமப் பேரரசிலே பரவியமைக்குக் காரணங்கூற முற்படுவோர் பெரும்பாலும் இருவேறு முடிவுகளுக்கு வருவர். இரக்கம் என்பதையே அறியாதிருந்த ஓர் உலகிற்குக் கிறித்தவரே அதனை முதன்முதலாக அறிமுகஞ் செய்தனர் என்பர் ஒரு சாரார். உணவையும் உடையையும் காட்டி ஏழைகளைத் தம்பால் இழுத்துக்கொண்டனர் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களும் ஒரு முக்கிய வினாவைத் தீண்டாமல் விட்டுவிடுகின்றன. கைவினைஞரும் சிறு வணிகரும் அடிமைகளும் நிறைந்திருந்த ஒரு கூட்டம், அரசின் துணையோ சட்டத்தின் உறுதியான பாதுகாப்போ இன்றி, தலைமுறை தலைமுறையாக வறியோரைப் பராமரித்து வந்தது எவ்வாறு? அப்பணி பின்னர் என்னவாயிற்று? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் உரோம உலகின் ஈகை மரபினை நோக்குதல் வேண்டும். அவ்வுலகிலே கொடை இல்லாமலில்லை. கி.மு. 123 இல் கையசு கிராக்கசு உரோமாபுரியின் குடிமக்களுக்குக் குறிப்பிட்ட விலையில் தானியம் வழங்க வழிசெய்தான். கி.மு. 58 இல் அத்தானியம் இலவசமாயிற்று. ஒகத்தசு காலத்தில் ஏறத்தாழ 200,000 பேர் அதனைப் பெற்றனர். ஆனால் தானியம் பெறுவதற்கு வறுமை தகுதியாகக் கொள்ளப்படவில்லை. உரோமக் குடியுரிமையே தகுதியாகக் கொள்ளப்பட்டது. வசதியுள்ள குடிமகன் தானியம் பெறலாம். பசித்திருக்கும் அந்நியனோ அடிமையோ பெறமுடியாது. மாகாண நகரங்களிலே செல்வர் மண்டபங்களையும் குளிப்பிடங்களையும் கட்டியும் விருந்துகளை நடத்தியும் கொடுத்த கொடைகளும் இத்தகையனவே. அவை நகரத்தாருக்கு அளிக்கப்பட்டன. கொடுத்தவன் பெயர் கல்லிலே பொறிக்கப்பட்டது.

பிள்ளைகளைப் பராமரிக்கவென ஏற்பட்ட திட்டமும் இங்கு குறிப்பிடத்தக்கது. பேரரசன் திராயன் காலத்தில் வட இத்தாலியிலுள்ள வெலேயா என்னும் ஊரில் நடைபெற்ற இத்திட்டத்தின் விபரங்கள் ஒரு வெண்கலப் பட்டயத்திற் கிடைத்துள்ளன. முறைப்படி பிறந்த ஆண்பிள்ளைகள் 245 பேருக்கு மாதம் 16 செசுதேர்சு நாணயமும், பெண்பிள்ளைகள் 34 பேருக்கு மாதம் 12 செசுதேர்சு நாணயமும் வழங்கப்பட்டன. இவ்வெண்ணிக்கைகளின் வேறுபாடே அத்திட்டத்தின் இயல்பைக் காட்டப் போதுமானது. நாளைய குடிமகனை உருவாக்குதலே அதன் முதல் நோக்கமாக இருந்ததென்பது தெளிவு.

எளியோர் தமக்குள்ளே அமைத்துக்கொண்ட சங்கங்களும் இருந்தன. இலானுவியம் என்னும் ஊரிலே கி.பி. 136 இல் எழுதப்பட்ட ஒரு சங்கத்தின் விதிகள் கல்வெட்டாகக் கிடைத்துள்ளன. அச்சங்கத்திற் சேர்வோர் 100 செசுதேர்சுடன் ஒரு சாடி நல்ல திராட்சை மதுவும் கொடுத்தல் வேண்டும். மாதந்தோறும் சிறு சந்தாவும் உண்டு. உறுப்பினர் இறந்தால் அடக்கச் செலவுக்கு 300 செசுதேர்சு கிடைக்கும். அடிமைகளும் இதில் இடம்பெற்றனர். ஆயினும் சந்தாவைத் தொடர்ந்து ஆறு மாதம் செலுத்தத் தவறியவனுக்கு அவ்வுரிமை இல்லை. வறுமை முற்றும்போது உதவி நின்றுவிடும் அமைப்பாக அது இருந்தது.

கிறித்தவ சபைகளின் பணி இவ்வமைப்புக்கள் நிலவிய சூழலிலேயே தோன்றியது. எனினும் அதன் நேரடி மூலம் யூதர்களுடைய தொழுகைக் கூடமாகும். யூத ஊர்களிலே வாராந்த உதவிக்கெனப் பணம் சேர்க்கும் உண்டியலும், அன்றாடம் உணவு வழங்கும் தட்டும் இருந்தன. உண்டியற் பணத்தை இருவர் சேர்ந்து திரட்டவேண்டும், மூவர் சேர்ந்து பங்கிடவேண்டும் என்னும் விதி, ஏறத்தாழ கி.பி. 200 இல் தொகுக்கப்பட்ட மிசுனா நூலிற் காணப்படுகிறது. பொதுப்பணத்தை ஒருவர் கையில் விடலாகாது என்னும் அனுபவ அறிவு இவ்விதியில் அடங்கியுள்ளது. ஆகவே இரக்கம் கிறித்தவருக்கே தனியுரிமையான கண்டுபிடிப்பு என்னும் கூற்று ஏற்புடையதன்று.

கிறித்தவ சபையின் முதல் நிருவாகச் சிக்கலும் பங்கீட்டிலேயே எழுந்தது. எருசலேமிலே அன்றாடப் பங்கீட்டின்போது கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்ததையும், அதனைத் தீர்க்க ஏழு பேர் தெரிவு செய்யப்பட்டதையும் அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். திமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபம் விதவைகளின் பெயரேடு ஒன்றைக் குறிப்பிடுகிறது. அறுபது வயதுக்குக் குறைந்தோர் அதிற் சேர்க்கப்படலாகாது. பராமரிக்க உறவினர் உள்ளோரை உறவினரே பராமரித்தல் வேண்டும். பெயரேடு தோன்றியபோதே அதற்குள் அடங்குவோர் யார், அடங்காதோர் யார் என்ற வினாவும் உடன் தோன்றிவிட்டது.

இரண்டாம் நூற்றாண்டில் இவ்வமைப்பு எவ்வாறு இயங்கியது என்பதை இருவருடைய எழுத்துக்கள் விளக்குகின்றன. ஏறத்தாழ 155 இல் உரோமாபுரியில் எழுதிய யுஸ்தீன், ஞாயிறு தோறும் வசதியுள்ளோர் தாம் விரும்பியதைக் கொடுப்பர் என்றும், அது சபைத் தலைவரிடம் ஒப்படைக்கப்படும் என்றும், அநாதைகள், விதவைகள், நோயாளர், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோர்க்கு அவர் அதிலிருந்து உதவுவார் என்றும் கூறுகிறார். ஏறத்தாழ 197 இல் கார்தேசு நகரிலிருந்து எழுதிய தெர்த்துல்லியன், மாதத்திற்கொருமுறை உண்டியலில் இடப்படும் சிறு தொகையைப் பற்றிப் பேசுகிறார். விரும்பினால், இயன்றால் மட்டுமே கொடுக்கலாம், எவரும் கட்டாயப்படுத்தப்படார். அப்பணம் விருந்துக்குச் செல்வதில்லை என்றும் அவர் வற்புறுத்துகிறார். வறியோரின் உணவுக்கும் அடக்கத்துக்கும், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும், முதுமையடைந்த அடிமைகளுக்கும், கப்பலுடைந்து தவித்தோருக்கும், சமயத்தின் பொருட்டுச் சுரங்கத்திலும் தீவிலும் சிறையிலும் வாடுவோருக்கும் அது செலவாயிற்று. இலானுவியத்துச் சங்கத்துடன் ஒப்பிடுமிடத்து வேறுபாடு புலனாகும். அங்கே கொடுத்தவனே பெறுவான்; இங்கே கொடுக்க இயலாதவனும் பெறுவான்.

மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பணி எத்துணை விரிவடைந்திருந்தது என்பதற்கு ஒரு கடிதம் சான்றாகவுள்ளது. உரோமாபுரி ஆயர் கொர்னேலியசு 251 இல் அந்தியோக்கியா ஆயருக்கு எழுதிய இக்கடிதத்தை வரலாற்றாசிரியர் யூசேபியசு பேணி வைத்துள்ளார். அதன்படி உரோமச் சபையில் 46 குருமாரும், 7 தியாக்கோன்மாரும், 7 உபதியாக்கோன்மாரும், 42 துணைப் பணியாளரும், பேயோட்டுவோர், வாசகர், வாயில்காப்போர் என 52 பேரும் இருந்தனர். சபையின் ஆதரவில் வாழ்ந்த விதவைகளும் துன்புற்றோரும் 1500 பேருக்கு மேற்பட்டனர். பேரரசின் தலைநகரிலே, அரசு ஐயத்துடன் நோக்கிய ஒரு கூட்டம், இத்தனை பேருக்கு உணவளித்து வந்தது. தியாக்கோன்மாரின் முக்கிய கடமைகளுள் இப்பங்கீடும் ஒன்றாகும். யார் நோயுற்றார், யார் கணவனை இழந்தார் என்பதை அறிந்து செயற்படுவோர் இருந்தமையே பெயரேட்டுக்கு உயிரளித்தது.

இதே காலத்தில் ஒரு கொள்ளைநோய் பேரரசெங்கும் பரவியது. கார்தேசு நகரில் ஆயராயிருந்த சிப்பிரியன், தம் சபையினருக்கு மட்டுமன்றிப் பிறருக்கும் உதவும்படி மக்களைத் தூண்டினார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய பொந்தியசு கூறுகிறார். பொருள் கொடுக்க இயலாத ஏழைகள் தமது உடலுழைப்பைக் கொடுத்தனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். அலெக்சாந்திரியாவிலே நோயாளரைத் தொட்டுப் பணிசெய்த குருமாரும் தியாக்கோன்மாரும் பொதுமக்களும் பலர் தாமும் மாண்டனர் என ஆயர் தியோனீசியசு எழுதினார். பிறசமயத்தார் நோயாளரைக் கைவிட்டோடினர் என்று அவர் கூறுவதை ஒரு பக்கத்தாரின் சாட்சியமாகவே கொள்ளல் வேண்டும். ஆயினும் உணவும் நீரும் கொடுத்து அருகிலிருந்து பராமரிப்பதே பல நோயாளரைப் பிழைக்கச் செய்யும் என்பது மருத்துவம் வளராத அக்காலத்துக்கு மிகவும் பொருந்தும். நுமிதியாவிலே சிலர் சிறைப்பிடிக்கப்பட்டபோது அவர்களை மீட்பதற்கெனக் கார்தேசுச் சபை 100,000 செசுதேர்சு திரட்டி அனுப்பியது. கொடுத்தோரின் பெயர்களையும் சிப்பிரியன் தம் கடிதத்துடன் இணைத்தார்.

சபையின் களஞ்சியத்தை நேரே காட்டும் ஆவணம் ஒன்றும் உளது. அதனை விட்டுச்சென்றோர் சபையைத் துன்புறுத்தியவர்களே. 303 மே 19 ஆந் திகதி, நுமிதியாவிலுள்ள சிர்தா நகரின் அதிகாரிகள் கிறித்தவர் கூடிய வீட்டிற் புகுந்து அங்கிருந்த பொருள்களைக் கணக்கெடுத்தனர். பொன், வெள்ளிப் பாத்திரங்கள் சிலவற்றுடன், பெண்களுக்கான மேலங்கிகள் 82, முக்காடுகள் 38, ஆண்களுக்கான மேலங்கிகள் 16, ஆண்களுக்கான காலணிகள் 13 சோடி, பெண்களுக்கான காலணிகள் 47 சோடி ஆகியன அவர்களது பட்டியலிலே பதிவாகியுள்ளன. இவை வறியோருக்கென வைக்கப்பட்ட உடைகள் என்பது அறிஞர் பலரின் கருத்து. பெண்களின் உடைகளே மிகுந்திருப்பது, உதவி பெற்றோருள் விதவைகள் பெருந்தொகையினர் என்னும் கொர்னேலியசின் கூற்றுடன் இயைகிறது.

எனினும் பெயரேட்டிற்கு மறுபக்கமும் உண்டு. உதவி பெறுவோரின் ஒழுக்கமும் தொழிலும் சபையின் கண்காணிப்புக்கு உட்பட்டன. சமயம் மாறிய நடிகன் ஒருவன் வயிற்றுப்பாட்டுக்காக நடிப்புக் கலையைக் கற்பித்து வந்தான். அவன் அத்தொழிலைக் கைவிடல் வேண்டுமென்றும், வறியவனாயின் எளிய உணவை ஏற்றுச் சபையின் ஆதரவில் வாழலாமென்றும், உள்ளூர்ச் சபைக்கு இயலாதெனிற் கார்தேசுக்கு வரலாமென்றும் சிப்பிரியன் எழுதினார். அவனுடைய பசியைத் தீர்க்க முன்வந்த சபை அவனுடைய வாழ்வையும் வரையறுக்க முன்வந்தது.

313 இன் பின்னர் நிலைமை மாறியது. பேரரசன் கொன்சுதந்தீன் சபைகளுக்குச் செல்வமும் தானியமும் வழங்கினான். அவன் காலத்துச் சட்டமொன்று, செல்வர் அரச கடமைகளைச் சுமத்தல் வேண்டுமென்றும், ஏழைகள் சபைகளின் செல்வத்தாற் பராமரிக்கப்படல் வேண்டுமென்றும் கூறுகிறது. விருப்பத்தின்பேரில் நடந்த பணி இவ்வாறு சலுகைக்கு ஈடான கடமையாயிற்று. செல்வம் பெருகுமிடத்து நேரக்கூடிய கேட்டினையும் மேற்கூறிய சிர்தா ஆவணத்தைப் பேணிய அதே வழக்கேடு காட்டுகிறது. 320 இல் நடந்த அவ்விசாரணையிலே, உலூசில்லா என்னும் செல்வச்சீமாட்டி தன் வீட்டைச் சார்ந்த ஒருவரை ஆயராக்குவதற்கு 400 பணப்பைகள் கொடுத்தாள் என்றும், அதிலிருந்து ஏழைகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்றும் சாட்சியமளிக்கப்பட்டது.

சபையின் பணியை அதன் எதிரிகளும் உணர்ந்திருந்தனர். பழைய சமயத்தை மீட்க முயன்ற பேரரசன் யூலியன் 362 இல் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதியதாக ஒரு கடிதம் உளது. அதன் உண்மைத்தன்மையை ஐயுறுவாரும் உளர். யூதருள் எவரும் இரந்து திரிவதில்லை, கிறித்தவரோ தம்மவரோடு பிற ஏழைகளையும் பராமரிக்கின்றனர் என அக்கடிதம் ஒப்புக்கொள்கிறது. அப்பணிக்கென ஆண்டுதோறும் 30,000 மோதியசுத் தானியமும் வழங்கப்படுமென்கிறது. ஆனால் தானியத்தை அரசன் வழங்கலாம். வீட்டுவாயிலுக்குச் சென்று விசாரிக்கும் மனிதரை ஆணையினால் உருவாக்குதல் எளிதன்று. தலைமுறைகளாக உருவாகிய ஒரு பழக்கத்தை ஒரு கடிதத்தாற் படைக்க முயன்றமையே யூலியனுடைய முயற்சியின் குறைபாடு எனலாம்.

நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பணியின் அளவு வியக்கத்தக்கதாயிற்று. கப்பதோக்கியாவின் செசாரியா நகருக்கு வெளியே ஆயர் பசில் நோயாளருக்கும் தொழுநோயாளருக்கும் வழிப்போக்கருக்குமென ஒரு பெரும் நிலையத்தை அமைத்தார். அந்தியோக்கியாச் சபையின் பெயரேட்டில் விதவைகளும் கன்னியருமாக 3000 பேர் இருந்தனர் என்று அந்நகரிற் போதித்த யோவான் கிறிசோஸ்தம் கூறுகிறார். அதேவேளை, சபை கொடுக்கிறதென்று சொல்லித் தாம் கொடுப்பதை நிறுத்திவிட்ட மக்களை அவர் கடிந்துகொள்ளவும் நேர்ந்தது. அலெக்சாந்திரியாவிலே நோயாளரைப் பராமரிக்க ஏற்பட்ட பணியாளர் கூட்டம் ஆயரின் அடியாட்படை போலச் செயற்படத் தொடங்கியது. 416 இல் அரசு அவர்களின் தொகையை 500 ஆகக் கட்டுப்படுத்தியது. 418 இல் அது 600 ஆக உயர்த்தப்பட்டது. நோயாளரைத் தொட்டுப் பராமரித்து மாண்டோரின் நகரிலேயே, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளில் இம்மாற்றம் நிகழ்ந்தது.

மேற்கூறியவற்றால் இரு முடிவுகள் பெறப்படும். குடியுரிமையையும் சந்தாவையும் தகுதியாகக் கொண்ட உலகிலே, தேவையையே தகுதியாகக் கொண்டு நீடித்து இயங்கிய அமைப்பினை, யூத மரபிலிருந்து பெற்று நகரந்தோறும் விரித்தமையே ஆதிச் சபைகளின் வரலாற்றுச் சாதனையாகும். அதற்கு இரக்கம் மட்டும் போதுமானதாயிருக்கவில்லை. உண்டியலும் பெயரேடும் அவற்றைச் சுமந்து திரிந்த மனிதரும் தேவைப்பட்டனர். ஆனால் உண்டியல் பெருத்தபோது கொடுப்போர் விலகினர். பெயரேடு நீண்டபோது அதனை வைத்திருந்தோர் அதிகாரம் பெற்றனர். பசிலின் நிலையம் எந்தச் சிறு உண்டியலும் காப்பாற்ற முடியாத தொகையினரைக் காப்பாற்றியது என்பதும் மறுக்கமுடியாதது. ஆகவே ஆதிக்காலத்தைப் பொற்காலமெனவும் பிற்காலத்தை வீழ்ச்சியெனவும் பிரித்தல் பொருந்தாது.

ஆயர்களுடைய பெயர்கள் நூல்களிலே நிலைத்துவிட்டன. உரோமாபுரியில் உணவு பெற்ற 1500 பேரின் பெயர்களும், உழைப்பை மட்டுமே கொடுக்க முடிந்த கார்தேசு ஏழைகளின் பெயர்களும் கிடைத்தில. சிர்தாவிலே பறிமுதலான 47 சோடிக் காலணிகளின் கணக்கு மட்டும் எஞ்சியுள்ளது. சமூக வரலாற்றை எழுத முற்படுவோர் இத்தகைய கணக்குகளிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.